மாணவர் வேலை கணக்கில் வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரப்பர் தோட்டத்தை ஈடு வைத்துக் கனடாவுக்குப் படிக்கப் போன என் தங்கை மகன், படிப்பின் பகுதியாகச் செய்த எட்டு மாத 'கோ-ஆப்' வேலையின் சம்பளச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்தான். நிரந்தர வசிப்புரிமைக்கு அவை உதவும் என்று மார்த்தாண்டத்தில் ஒரு முகவர் சொல்லியிருந்தார். ஆனால், அந்த உரிமைக்கு விண்ணப்பிக்கும் வழிகளில் ஒன்றான 'கனடிய அனுபவப் பிரிவில்' முழுநேர மாணவராக இருக்கையில் செய்த வேலை, சம்பளம் பெற்றதாயினும், சேராது. விண்ணப்பத்துக்கு முந்தைய 3 ஆண்டுகளில் 1,560 மணி நேரத் திறன்சார் வேலையை வேறாகக் காட்ட வேண்டும். மற்றொரு வழியான 'கூட்டாட்சித் திறன்மிகு பணியாளர் பிரிவிலோ', ஊதியத்துடன் தொடர்ச்சியாகச் செய்த மாணவர் வேலை, பிற நிபந்தனைகளும் பொருந்தினால், ஏற்கப்படக்கூடும். கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்ட முகவர், இந்த வேறுபாட்டை மட்டும் சொல்லவில்லை. நாகர்கோவிலில் வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சி நடத்துவோர் இவ்விதிகளை எழுத்தில் தர வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை.