கப்பலில் அடிபட்டவனிடம் நீட்டப்படும் காகிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் அவ்வப்போது கப்பல் வேலை விளம்பரம் வருகிறது. சம்பளம், வயது வரம்பு, கேட்கும் சான்றிதழ் எல்லாம் இருக்கும். வேலையில் அடிபட்டால் யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட இருந்து நான் பார்த்ததில்லை. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஓய்வுபெறும்வரை குமாஸ்தாவாக இருந்தவன் நான். கப்பல் வந்ததும் ஏணியேறிப் போய்த் தாள்களில் முத்திரை வாங்குவதும், உடம்புக்கு முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும் என் வேலை. கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கப்பலைக் கட்டும் வடம் அறுந்து சவுக்காய்ச் சுழன்றால் கால் போகும். காற்றோட்டமில்லாத டாங்கிக்குள் இறங்கியவனும் அவனைத் தூக்கப் போனவனும் சேர்ந்தே சாவதுண்டு. இந்த ஆபத்தெல்லாம் போகிறவனுக்குத் தெரியும். அடிபட்ட பிறகு கரையில் என்ன நடக்கிறது என்பதுதான் அவனுக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது.

ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு சரக்கு அறையை மூடும் கனமான ஹேட்ச் மூடியில் வலது கை சிக்கி விரல்கள் நசுங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சில நாள்தான் ஆகியிருக்கும், கப்பலை நிர்வகிக்கும் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒரு கையில் ஆப்பிள் பை, மறு கையில் கோப்பு. வலது கை கட்டுக்குள் இருக்கிறது, கையெழுத்து வராது என்று ரேகை வைக்கும் மைப் பெட்டியையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். அவ்வளவு முன்யோசனை! "அண்ணே, இதுல என்ன போட்டிருக்கு?" என்று பையன் என்னைக் கேட்டான். வாங்கிப் படித்தேன். சிகிச்சைச் செலவும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் பெற்றுக்கொண்டேன், இனிமேல் கப்பல்மீதும் முதலாளிமீதும் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. விரல் மடங்குமா, மடங்காதா என்று டாக்டரே இன்னும் சொல்லவில்லை. அதற்குள் கணக்கை முடிக்கப் பார்க்கிறார்கள். நானும் முதலாளி தரப்புக் காசில் சம்பளம் வாங்குகிறவன்தான். இருந்தாலும் உள்ளதைத் தமிழில் சொல்லிவிட்டேன். பையன் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். வந்தவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சரி, அதை விடுங்கள்.

கரையில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு, வேலையில் அடிபட்டால் உதவும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தெரியும். கடலில் இருப்பவர்களுக்கு 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது. ஐ.எல்.ஓ. எனும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கொண்டுவந்தது. 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. மலேசியா அதே ஆண்டிலும் இந்தியா 2015இலும் ஏற்றுக்கொண்டன. பனாமா, லைபீரியா நாடுகளில் பதிவாகி அந்நாட்டுக் கொடி பறக்கும் கப்பல்களும் இதற்குக் கட்டுப்பட்டவைதான். அடிபட்டவரின் வைத்தியம், தங்குமிடம், சாப்பாடு, ஊர் திரும்பும் செலவு எல்லாம் கப்பல் முதலாளி தலையில். ஊர்போய்ச் சேரும்வரை முழுச் சம்பளம் தர வேண்டும். அதன்பிறகும் குணமாகும்வரை, அந்தந்த நாட்டுச் சட்டமோ ஒப்பந்தமோ சொல்கிறபடி, முழுசாகவோ ஒரு பகுதியாகவோ தர வேண்டும். இந்த வைத்தியச் செலவுக்கும் சம்பளத்துக்கும் ஒரு நாடு கால வரம்பு வைக்கலாம், ஆனால் அடிபட்ட நாளிலிருந்து 16 வாரத்துக்குக் குறையக் கூடாது. நிரந்தர ஊனத்துக்கும் உயிரிழப்புக்கும் உரிய இழப்பீடு தனிக் கணக்கு.

"உன் கவனக்குறைவால்தானே அடிபட்டது, ஒன்றும் கிடைக்காது" என்று மிரட்டுவார்கள். உடன்படிக்கை விலக்கு தருவது வேண்டுமென்றே செய்த தப்புக்கு. களைப்பில் கை தவறியதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று. 2017 ஜனவரி 18 முதல், இந்த இழப்பீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறது என்பதற்கான சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்தின் பெயரும் தொடர்பு விவரமும் அதிலேயே இருக்கும். ஏறிய அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, வேலை ஒப்பந்தத்தின் நகலோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அடிபட்டவரோ குடும்பத்தாரோ அந்த நிறுவனத்திடம் நேரடியாகவே கேட்கலாம். ஒப்பந்தத்தில் உள்ளதைவிடக் குறைந்த தொகைக்குச் சம்மதிக்கச் சொல்லி நெருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஊனம் எவ்வளவு என்று உடனே கணிக்க முடியாவிட்டால் இடைக்காலமாகப் பணம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அப்புறம் எதற்கு அந்த மைப் பெட்டி?

இணையத்தில் தேடினால் அடிபட்ட கடலோடி முதலாளிமீது வழக்குப் போட வழி செய்யும் அமெரிக்காவின் 1920ஆம் ஆண்டு ஜோன்ஸ் சட்டம்தான் முதலில் வந்து நிற்கும். பனாமா கொடிக் கப்பலில் பினாங்குக் கடலில் அடிபட்ட நம் பையனுக்கு அதனால் அநேகமாகப் பயனில்லை. இங்கேயே வழி இருக்கிறது. கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு வந்தாலும் துறைமுகத்தில் ஜபாத்தான் லாவுட் எனும் மலேசியக் கடல்துறை இலாகா அதிகாரிகளிடம் புகார் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயரை வெளியே விடக் கூடாது. காயத்துக்கான இழப்பீட்டுக்கும் சம்பள பாக்கிக்கும் கப்பலையே தடுத்து வைக்கச் சொல்லி நம் உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். கோலாலம்பூரில் 2010 முதல் கடல்சார் வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் இயங்குகிறது. ஆனால் கப்பல் நங்கூரம் தூக்கிவிட்டால் வேலை கடினம். தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, வேலை வாங்கித் தருவதற்குக் கடலோடியிடம் கமிஷன் வாங்குவதும் இதே உடன்படிக்கையில் தடை. மருத்துவச் சான்றிதழ், கடப்பிதழ், கடலோடிப் புத்தகம் இவற்றின் செலவைத்தான் அவர் தலையில் வைக்கலாம். நகையை அடகு வைத்துக் கமிஷன் கட்டும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, கப்பல் வேலை விளம்பரம் வரும் பக்கத்தில் இந்த விவரங்களை ஒரு சின்னக் கட்டம் போட்டுத் தமிழில் வெளியிட முடியுமா? விளம்பரம் கொடுப்பவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வாசகத்தை எழுதித் தர நான் தயார். அச்சாகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஏஜென்சி குமாஸ்தா,
பாகான் ஆஜாம், பட்டர்வொர்த்.