மாதிரி ஆயுதச் சேகரிப்பாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருடம் நம்மை அதிகம் வேலை வாங்கியது ஆயுதங்களின் மரக் காம்புதான். கோடைக் கண்காட்சியில் நடந்ததை வராதவர்களுக்காகச் சொல்கிறேன். கடையில் புதிதாக வாங்கிய ஹால்பர்டு ஒன்றை, அதாவது கோடரி, ஈட்டிமுனை, கொக்கி மூன்றும் ஒரே தலையில் இருக்கும் நம் சுவிஸ் காலாட்படை ஆயுதத்தை, தாங்கியில் நிறுத்தும்போது தலை கழன்று விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சிறுவனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது, அவ்வளவுதான். கழற்றிப் பார்த்தால் உள்ளே பசையும் ஒரே ஒரு திருகாணியும். தலையிலிருந்து காம்பின் இரு பக்கமும் இறங்கும் இரும்புப் பட்டைகளைச் சும்மா ஒட்டி வைத்திருந்தார்கள். அசலில் அந்தப் பட்டைகளின் ஊடாக ஆணி அடித்து மரத்தோடு இறுக்கியிருப்பார்கள், தலை கழலாமல் பிடிப்பதும் எதிரியின் வெட்டிலிருந்து காம்பைக் காப்பதும் அவைதான். அதனால் பட்டையும் ஆணியும் சரிபார்க்காத எதுவும் இனி நம் கண்காட்சியில் தாங்கி ஏறாது என்று செயற்குழு முடிவு செய்தது. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் கூடிக் காம்பு மாற்றினோம். ரேகை நேராக ஓடும் ஆஷ் மரம், மேலே மெல்லியதாக ஆளிவிதை எண்ணெய். தயவுசெய்து வீட்டில் சுவரோரம் சாய்த்து வைக்காதீர்கள், காம்பு வளைந்துவிடும். ஹீட்டர் பக்கம் வைத்தால் மரம் சுருங்கித் தலை ஆட ஆரம்பிக்கும். இரும்பைத் தொட்டால் உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள், விரல் ரேகை விழுந்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கிறது.

அப்புறம் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரப் பயணம். 1640களில் கட்டிய ஆயுதக் கிடங்கு, சுமார் 32,000 பொருட்கள், தளம் தளமாக. ஒரு ஹால்பர்டுக்கு முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். அதன் வெட்டுவாய் விளிம்பை நோக்கி எவ்வளவு மெலிந்து போகிறது தெரியுமா! நாம் வாங்கும் மாதிரிகள் பலவும் ஒரே தடிமன் தகட்டில் வெட்டியவை, கையில் எடுத்ததுமே தலைப்பக்கம் சாய்கின்றன. அசல்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று கிலோதான். அடுத்த முறை வாங்கும்போது எடையைக் கேட்டு வாங்குங்கள்.

சுவிட்சர்லாந்தில் நடந்த செம்பாக் போர் நினைவாக ஜூலையில் ஒரு பேச்சும் நடந்தது. 1386ல் அங்கே சுவிஸ் படைக்கு ஹால்பர்டு வென்று கொடுத்தது, அதே சுவிஸ்காரர்கள் 1422ல் ஆர்பெடோவில் மிலான் படையிடம் அடி வாங்கிய பிறகு நீள ஈட்டிகளைக் கூட்டினார்கள். ஐந்து மீட்டர் ஈட்டியை அடுக்குமாடி வீட்டில் எங்கே மாட்டுவது என்ற கேள்விக்கு இன்னும் பதிலில்லை.

பழையதுபோல் தெரியும்படி செய்த மாதிரி ஆயுதம் ஒன்றைப் பார்வையாளர் ஒருவர் அசல் என்றே நம்பி விலை கேட்டார். ஆகவே செய்த வருடத்தையும் ‘மாதிரி’ என்ற சொல்லையும் பட்டையின் அடியில் பொறிக்கிறோம். பொறிக்கும் ஊசி என்னிடம் இருக்கிறது, எடுத்து வாருங்கள். புதுக் காம்பு வேண்டியவர்கள் தலையில் காம்பு நுழையும் குழலின் அளவை இம்மாத முடிவுக்குள் தந்துவிடுங்கள், மரம் சேர்த்து வாங்கப் போகிறோம்.