காதைப் பொத்தும் பிள்ளைக்கும் பாட்டு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பம்பை முழங்கும்போது காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையைப் பார்த்து, "இவனுக்கு எங்கே பாட்டு வரப்போகுது" என்று சொல்லிவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள பலருக்குத் திடீர்ச் சத்தம் வலியைப் போலவே படும். அதே பிள்ளை வீட்டில் மிக்ஸி ஓடும் சுருதியிலேயே முனகிக்கொண்டிருப்பதும் உண்டு. "ஒரு இடத்துல உட்கார மாட்டான்" என்று இசை வகுப்புகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். வேலூர், காட்பாடிப் பாட்டு ஆசிரியர்களை இந்த ஒன்றுக்காகவே கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டிலோ வகுப்பிலோ, முதல் மாதம் பத்து நிமிடப் பயிற்சி போதும். தினமும் ஒரே நேரம், ஒரே பாய், ஒரே பாட்டு. பிள்ளை தட்டுவதை நீங்கள் அப்படியே திருப்பித் தட்டுங்கள். அவன் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். தான் செய்ததற்குப் பதில் வருகிறது என்று புரிந்த பிறகுதான் பாடம். கையைப் பிடித்து வாசிக்க வைத்தால் மறுநாள் அந்த அறைக்குள்ளேயே வர மாட்டான்.

தாலாட்டில் "ஆராரோ ஆரிர" வரை பாடி நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: மூன்று எண்ணுவதற்குள் மனசு தாங்காமல் "ரோ"வை அம்மாவே பாடிவிடுவார். கேட்டதை வாங்கி, வாயைத் திறக்கப் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். ஒரு "ம்", ஒரு பார்வை, தொடையில் ஒரு தட்டு, எது வந்தாலும் அதுதான் அவனுடைய "ரோ". உடனே அடுத்த அடியைப் பாடுங்கள்.

கீபோர்டு வாங்கினால், அழுத்தியதும் தானாகவே பாட்டு ஓடும் டெமோ பட்டன் மேல் முதலிலேயே அட்டை வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நாள் முழுக்க அதை மட்டுமே அழுத்திக்கொண்டிருப்பான். ஸ, ப, மேல் ஸ என்ற மூன்று ஸ்வரக் கட்டைகளுக்கும் மூன்று நிறத்தில் ஸ்டிக்கர். சத்தம் பேச்சுக்குரல் அளவைத் தாண்டக் கூடாது. சுருதியைப் பிள்ளை முனகும் இடத்தில் வையுங்கள். ஆசிரியரின் சுருதிக்கு இழுக்காதீர்கள். பக்கத்தில் "இன்னும்", "போதும்", "சத்தம் குறை" என்று மூன்று பட அட்டைகள். "போதும்" அட்டையைத் தொட்டதும் உண்மையாகவே நிறுத்த வேண்டும். ஒருமுறை ஏமாற்றினால்கூட அட்டை குப்பைதான். அடுத்த முறை அவன் கடித்துத்தான் சொல்வான்.

இசையால் ஆட்டிசம் குணமாகும் என்று பணம் வாங்குபவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். 9 நாடுகளில் 4 முதல் 7 வயதுவரை உள்ள 364 குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், வழக்கமான பராமரிப்போடு 5 மாதம் இசை சிகிச்சை சேர்த்தும் அறிகுறிகள் கூடுதலாகக் குறையவில்லை. ஆகவே பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பாட்டுக்கு அனுப்பாதீர்கள். ஆனால் பசி, கோபம், சந்தோஷம் எதையும் வார்த்தையில் சொல்ல வராத பிள்ளைக்கு, சொல்ல ஒரு வழி வேண்டாமா? ஒரே வரியை நாற்பது முறை பாடுவதை அடம் என்று அதட்டாதீர்கள். பல நேரம் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளத்தான் பாடுகிறான்.

ஆண்டு விழாவில் மேடை கொடுப்பதென்றால் முந்தின நாளே காலி மேடையில் நிற்க வையுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள். கூட்டத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம், சுவரைப் பார்த்து வாசித்தாலும் கைதட்டுங்கள், மெதுவாக.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி, இசை ஆசிரியர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.