கணினியில் ஓடும் அலகு களத்தில் ஏன் நிற்கிறது?

ஆசிரியருக்கு,

வணக்கம். ‘தொழில்நுட்பக் கோளாறு: 210 மெகாவாட் உற்பத்தி பாதிப்பு’ என்ற செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் காரணம் பாய்லர் குழாய்க் கசிவுதான். அது வேறு கதை. ஆனால் எங்கோ ஒரு 230 கிலோவோல்ட் பாதையில் பழுது ஏற்பட்டு, நூறு மில்லி விநாடிக்குள் பிரேக்கர் (தானியங்கித் துண்டிப்பான்) அதைத் துண்டித்த பிறகும் அலகு, அதாவது பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் சேர்ந்த தொகுதி, டிரிப் ஆகி நிற்பதுண்டு. அதே பழுதைக் கணினி மாதிரியில் கொடுத்துப் பார்த்தால், அலகு கொஞ்சம் ஆடிவிட்டு நிலைக்கு வந்துவிடும். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குள் நாம் போடும் எண்களைத்தான் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடியில் ஐந்து, மேட்டூரில் நான்கு, வடசென்னை முதல் நிலையில் மூன்று என 210 மெகாவாட் அலகுகள் பன்னிரண்டு நிறுவப்பட்டன. இவ்வகை ஜெனரேட்டர் 247 எம்.வி.ஏ., 15.75 கிலோவோல்ட், நிமிடத்துக்கு 3,000 சுற்று. மாதிரி முதலில் கேட்கும் எண்களில் ஒன்று நிலைம மாறிலி: சுழலும் பகுதியில் தேங்கியுள்ள ஆற்றல், முழுத் திறனில் எத்தனை விநாடிக்கு ஈடு என்பது. பழைய ஆவணங்களில் அது நேரடியாக இருக்காது, ‘ஜி.டி. ஸ்கொயர்’ (எடை × சுழற்சி விட்டத்தின் வர்க்கம்) என்று டன்-சதுர மீட்டரில் இருக்கும். விட்டத்தை ஆரமாக்க அதை நான்கால் வகுத்த பிறகே கணக்கைத் தொடர வேண்டும். வகுக்க மறந்தால் 3 விநாடி வரவேண்டிய இடத்தில் 12 வந்து உட்கார்ந்துகொள்ளும். ரோட்டார் (சுழலும் பகுதி) நான்கு மடங்கு கனமென்று கணினி நம்பிவிடும். பழுதைத் தாங்கும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தெரியும். ஜெனரேட்டரை மட்டும் கணக்கிட்டு, அதே தண்டில் சுற்றும் டர்பைனை விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

சரிபார்ப்பது கடினமல்ல. அலகை 21 மெகாவாட்டில் ஓட்டிப் பிரேக்கரைத் திறந்தால், மாறிலி 3 எனில், அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 0.7 ஹெர்ட்ஸ் வீதம் ஏறத் தொடங்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான கவர்னர், நீராவி வால்வை அசைக்கும் முன் உள்ள அந்த முதல் சாய்வை அளந்தால் போதும். விநாடிக்கு ஒரு புள்ளி பதியும் கட்டுப்பாட்டு அறைத் திரையை நம்பி இதைச் செய்ய முடியாது.

கவர்னர் விஷயம் இன்னும் சிக்கல். 5 சதவீத ட்ரூப் (அதிர்வெண் 5 சதவீதம் மாறினால் முழுத் திறனளவு உற்பத்தி மாறும் அமைப்பு) உள்ள 210 மெகாவாட் அலகு, அதிர்வெண் 0.1 ஹெர்ட்ஸ் இறங்கினால் 8.4 மெகாவாட் கூட்டித் தர வேண்டும். கணினி தவறாமல் தரும். வால்வுகள் முழுதும் திறந்து ஓடும் டர்பைனோ எதையும் தராது. திறக்க இடமிருந்தாலும், பாய்லரில் சேமிப்பாக உள்ள நீராவி தீர்ந்ததும் அழுத்தம் சரிந்து, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். 1996 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் மேற்குப் பகுதி மின்தொகுப்பில் மின்னோட்டம் அலைந்து பெருகி, தொகுப்பே பிளந்து 75 லட்சம் வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தபோது, அதிகாரபூர்வ மாதிரி அந்த அலைவு அடங்கிவிடும் என்றே காட்டியது. 2001இல் அங்கே நடத்திய சோதனைகளில், கணினி சொன்ன கவர்னர் உதவியில் சுமார் 40 சதவீதமே கிடைத்தது.

எங்கள் பார்வையில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. நிலையம் தனக்கே செலவிடும் மின்சாரம் உற்பத்தியில் எட்டு, ஒன்பது சதவீதம். பெரும்பாலான ஆய்வுகளில் இது ஒரே ஒரு மாறாத சுமையாகப் போடப்படுகிறது. உண்மையில் அங்கே இருப்பவை 6.6 கிலோவோல்ட்டில் பாய்லருக்கு நீர் தள்ளும் ஃபீட் பம்ப், புகையை வெளியே இழுக்கும் ஐ.டி. ஃபேன், நிலக்கரியை அரைக்கும் மில் ஆகியவற்றின் மோட்டார்கள். அதற்குக் கீழே 415 வோல்ட்டில் நூற்றுக்கணக்கான சிறு மோட்டார்கள். மின்னழுத்தம் ஒரு கணம் பள்ளத்தில் விழுந்தால் பெரிய மோட்டார்கள் தம் வேகத்திலேயே தாண்டிவிடும். விழுவது, மில்லுக்கு நிலக்கரி ஊட்டும் கோல் ஃபீடரின் காண்டாக்டர் (மோட்டாரை இணைக்கும் காந்த சுவிட்ச்). அதன் ஏ.சி. காயிலில் மின்னழுத்தம் பாதியாகி இரண்டு சைக்கிள் போனாலே அது விடுபடலாம். மின்னழுத்தம் திரும்பினாலும் தானாக ஒட்டாது, ஏனெனில் அதைப் பிடித்துவைக்கும் துணைத் தொடர்பும் சேர்ந்தே திறந்துவிட்டது. நிலக்கரி நின்றால் சுடர் போகும். சுடர் போனால் பாய்லர் பாதுகாப்பு மொத்த எரிபொருளையும் வெட்டிவிடும். சில நூறு ரூபாய்க் காயில் 210 மெகாவாட்டை நிறுத்தும் வழி இதுதான். கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு யு.பி.எஸ். அல்லது டி.சி. காயில் கொடுப்பதும், பஸ் (மின்சாரம் பிரியும் பொதுக் கம்பி) வாரியாக மோட்டார்களை மாதிரியில் சேர்ப்பதும் பெரிய செலவில்லை.

2023ஆம் ஆண்டின் இந்திய மின்தொகுப்பு விதிகள், ஜெனரேட்டர், அதற்குக் காந்தப்புல மின்சாரம் தரும் எக்சைட்டர், கவர்னர் ஆகியவற்றின் மாதிரிகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை களச் சோதனையோடு ஒப்பிடச் சொல்கின்றன. ‘சோதனை முடிந்தது’ என்ற சான்றிதழ் மட்டும் போதாது. மின்னழுத்தத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஏ.வி.ஆரின் இலக்கை 5 சதவீதம் திடீரென மாற்றியபோது களத்தில் பதிவான மின்னழுத்தக் கோடும், கணினி வரைந்த கோடும் ஒரே தாளில் வேண்டும். இயங்கும் ஒவ்வொரு அலகுக்கும் அத்தகைய தாளை மின்வாரியம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அடுத்த சுற்றுச் சோதனையில் 415 வோல்ட் காண்டாக்டர்கள் எந்த மின்னழுத்தத்தில், எத்தனை மில்லி விநாடியில் விடுபடுகின்றன என்பதையும் அளந்து சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மின்னமைப்பு ஆய்வுப் பொறியாளர்கள் சிலர்,
தூத்துக்குடி.