ஐம்பத்தாறு அட்டைகளுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மதுரையில் மே மாதம் பத்து நாள் நடந்த மொழியியல், மொழித்தொழில்நுட்பக் கோடை முகாம் நல்லபடியாக முடிந்தது. எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேர். மேசைக்கு நால்வராக ஆறு மேசைகள். உதவிய அனைவருக்கும் நன்றி என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் யார் செய்த உதவி எந்த இடத்தில் கைகொடுத்தது என்று எழுதி வைத்தால், வேறொரு ஊரில் இதை நடத்த நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

முதல் நன்றி அச்சகத்தாருக்கு. ஒரு சொல்லைக் கணினி எப்படித் துண்டாக்குகிறது, துண்டுகளை எப்படி ஒட்டுகிறது என்பதைக் கணினி இல்லாமல் காட்ட எழுத்து அட்டைகள் வேண்டியிருந்தன. நாங்கள் முதலில் கொடுத்த கோப்பே தவறு. 'வ', 'ந்', 'தா', 'ன்' என்று உயிர்மெய்யாகவே கொடுத்திருந்தோம். தமிழில் சொல்லின் உறுப்புகள் பிரியும் கோடு பல நேரம் எழுத்துக்கு நடுவில் ஓடும். வந்தான் என்பதில் இறந்தகாலம் காட்டும் த், ஆண்பால் காட்டும் ஆன் விகுதியின் ஆ இரண்டும் 'தா' என்ற ஒரே எழுத்துக்குள் கிடக்கின்றன. உயிர்மெய் அட்டையை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைக் காட்டவே முடியாது. வ், அ, ந், த், ஆ, ன் என்று மெய்யும் உயிரும் பிரிந்த அட்டைகளை அச்சகத்தார் ஒரே இரவில் மறுபடி அடித்துக் கொடுத்தார். சாதாரணத் தாள் மின்விசிறிக்குப் பறக்கும் என்று சொல்லி, விசிட்டிங் கார்டுக்குப் போடும் 300 ஜிஎஸ்எம் அட்டையில் போட்டதும் அவர் யோசனைதான். அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டில் தட்டியதை அங்கே அப்படியே ஒட்டினால் குப்பையாகிவிடும். எழுத்துருவை உள்ளே பொதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுப்பதே பாதுகாப்பு.

அட்டை விளையாட்டு இதுதான். வந்தான், வந்தாள், வந்தார், செய்தான், செய்தாள் என்ற ஐந்து சொற்களை மேசையில் பரப்ப வேண்டும், 30 அட்டைகள். அடுத்தடுத்து வரும் ஜோடிகளில் எது அதிகம் என்று எண்ணி, அதை ஒட்டுநாடாவால் ஒட்ட வேண்டும். த்+ஆ ஐந்து முறை வருகிறது, மற்றதெல்லாம் மூன்றும் அதற்குக் கீழும். ஆக, இலக்கணம் பிரிக்கச் சொல்லும் இடத்தையே எண்ணிக்கை ஒட்டிவிடுகிறது! இப்போது ஒட்டியதைப் பிரித்துவிட்டு வருவான், செய்வான், ஓடினான், பாடினான் என்ற நான்கையும் சேர்க்க வேண்டும். 26 அட்டைகள் கூடி 56 ஆகும். மறுபடி எண்ணினால் ஆ+ன் ஆறு, த்+ஆ ஐந்தே. விகுதி தானாகத் தலைகாட்டுகிறது. இயந்திரத்துக்கு நாம் கொடுக்கும் சொற்கள் ஒரே வார்ப்பாக இருந்தால் அது தப்பாகவே கற்கும் என்பதைப் பிள்ளைகள் கையாலேயே கண்டுகொண்டார்கள்.

அந்த மேசைகளுக்கு நடுவே நின்று பகுபத உறுப்புகளை நடத்திய தமிழாசிரியை அவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். 'ந் எதில் சேரும் மிஸ்?' என்ற கேள்வி ஆறு மேசையிலும் வந்தது. சந்தியாக வந்த த், ந் ஆனது விகாரம் என்று இலக்கணத்துக்குத் தெரியும். எண்ணிப் பார்க்கும் இயந்திரத்துக்கு ந் மட்டும்தான் தெரியும். இந்த வேறுபாட்டை அவர் விளக்கிய அந்த அரைமணி நேரம்தான் எங்கள் கணக்கில் முகாமின் உயிர்.

நூலகருக்கு ஒரு தனி நன்றி, அவர் தந்த நூற்பட்டியலைத் திருத்தாமல் அப்படியே தந்ததற்காக. ஔவையார் என்று தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாம் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டப்பட்டிருந்தன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். அதை ஔ ஆக்க 'எல்லாவற்றையும் மாற்று' என்று அழுத்திய மேசைகளில் 'ஒளி' என்று தொடங்கிய தலைப்புகளெல்லாம் உடைந்தன. ஔகாரத்துக்குப் பின்னால் இகரக் குறி ஒட்ட இடமில்லாமல் புள்ளிவட்டத்தில் தொங்கியது. பிறகு அவர்களே விதி கண்டார்கள்: ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே. அந்தப் பட்டியலுக்கு இது போதுமானதாக இருந்தது.

சனி, ஞாயிறு விடுமுறையை விட்டுக்கொடுத்து வந்த மென்பொருள் தம்பி, தங்கைகள் பைத்தான் என்ற நிரல்மொழியில் தொடங்கிய முதல் கேள்வி 'நன்றி எத்தனை எழுத்து?' என்பது. பிள்ளைகள் மூன்று என்றார்கள், கணினி ஐந்து என்றது. ந, ன, புள்ளி, ற, இகரக் குறி என்று யுனிகோடு எண்ணுகிறது. யுனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறைக் கோப்பில், ஒவ்வொன்றுக்கும் மூன்றாக, அதுவே 15 பைட். இந்த ஒரு சொல்லிலேயே ஒரு காலைப்பொழுது போனது, வீணாகப் போகவில்லை.

ஒலிப்பதிவு அறைக்குச் சுவர் எதிரொலிக்காமல் இருக்க ஜமக்காளங்கள் கொடுத்த பந்தல்காரருக்கும், மடிக்கணினிகளை இரவல் தந்த பள்ளிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கி இலவசமாகத் தரும், பேச்சொலியைப் படமாகக் காட்டும் 'பிராட்' மென்பொருளில் பக்கம், தங்கம், பகல் மூன்றையும் பேசிப் பார்த்தோம். 'பக்கம்' என்ற சொல்லில் ஒலி அடைபட்டுப் படத்தில் வெற்றிடம் தெரியும்; 'தங்கம்' என்பதில் அடியில் குரல்நாண் அதிர்வுப் பட்டை அறுபடாமல் ஓடும்; 'பகல்' என்பதில் அடைப்பே சரியாக விழாது. எழுதுவது ஒரே க. எழுத்தொலிகள் வாயில் பிறக்கும் விதத்தைச் சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியலை அருகில் வைத்து, நாக்கு எங்கே படுகிறது என்று ஒவ்வொருவரையும் தொட்டுணர வைத்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மைக் வாய்க்கு நேராக இருந்தால் பகரம் வெடித்துப் பதியும். ஒரு சாண் தள்ளி, சற்று ஓரமாக வைக்கவும். மின்விசிறியின் உறுமல் நாம் பார்க்க வேண்டிய அதே அடிப்பட்டையை மூடிவிடும் என்பதால் அதை நிறுத்தித்தான் பதிய வேண்டும். மதுரை மே மாதத்தில் அது மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது. பதிந்ததை வாட்ஸாப் குரல்செய்தியாக அனுப்பாதீர்கள், சுருக்கத்தில் மேல் அலைவரிசைகள் போய்விடும்.

குரல் கொடுத்த பாட்டிமார்களுக்கும், ஒப்புதல் படிவத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட பெற்றோருக்கும் நன்றி. பிள்ளைகளின் குரல் எதுவும் இணையத்தில் ஏற்றப்படவில்லை. கடைசி நாள் அவர்கள் முன்னாலேயே அழித்தோம். மோரும் சுண்டலும் நேரம் தவறாமல் அனுப்பிய வீட்டாரை மறந்தால் பிள்ளைகள் எங்களை மன்னிக்க மாட்டார்கள்.

அட்டைகள் ஆறு பெட்டிகளில் நூலகத்தில் இருக்கின்றன. கேட்டு வாங்கி நடத்தலாம். திருப்பித் தரும்போது பெட்டிக்கு 56 இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். 'ர்' இரண்டே இரண்டுதான்: ஒன்று வந்தார் என்பதற்கு, இன்னொன்று வருவான் என்பதற்கு. இரண்டில் ஒன்று எப்போதும் மேசைக்கு அடியில் கிடக்கும்.

அன்புடன்,
முகாம் ஒருங்கிணைப்புக் குழு,
மதுரை