விக்டோரியாவில் நாலு மணி நேரம்

மதுரை

அன்புள்ள ராமசாமி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியைப் படித்துக் காட்டியதும் உன் தங்கச்சி கேசரி கிண்டிவிட்டாள். எனக்குச் சர்க்கரை என்பதால் ஒரு ஸ்பூனோடு சரி. மே மாதம் சியாட்டில் போகிறீர்கள், மாப்பிள்ளை அலாஸ்கா கப்பலுக்கு டிக்கெட் போடப்போகிறார் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். கனடா விசா கைக்கு வராமல் அந்த டிக்கெட்டைப் போட விடாதே.

'அலாஸ்காவும் அமெரிக்காதானேடா' என்பாய். 2023-ல் சியாட்டில் துறைமுகத்தில் நானும் அதையேதான் சொன்னேன். பெட்டிகளை முன்னாடியே வாங்கி உள்ளே அனுப்பிவிட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை முன்னிருந்து பின்னாக ஒரு தடவை, பின்னிருந்து முன்னாக ஒரு தடவை புரட்டினாள். பத்து வருஷ அமெரிக்க விசா பளபளவென்று இருக்கிறது. "கனடா விசா எங்கே?" என்றாள். டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட், "கப்பலை விட்டு இறங்கலைன்னா விசா எதுக்கு சார்?" என்று சொல்லியிருந்தான். அதை அப்படியே அவளிடம் ஒப்பித்தேன். கப்பல் கனடாவுக்குள் போனால் கப்பலில் இருக்கிற எல்லோரும் போன கணக்குதான், அறைக்குள் தூங்கினாலும் அப்படித்தான் என்றாள். விசா இல்லாதவரை ஏற்றிப் போனால் கம்பெனிதான் அபராதம் கட்ட வேண்டும், அவள் எப்படி விடுவாள்? பெட்டி திரும்பி வர ஒன்றரை மணி நேரம். மகன் குடும்பம் தாராளமாகப் போயிருக்கலாம். அவனிடம் கிரீன் கார்டு, பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள். எங்களை விட்டுப் போக மனசில்லாமல் அவர்களும் நின்றுவிட்டார்கள். கார் நிறுத்தும் இடத்தில் நின்று கப்பல் கிளம்புவதைப் பார்த்தோம். பேரன் அதற்கு டாட்டா காட்டினான்.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிற கப்பல் எதற்குக் கனடாவைத் தொடவேண்டும் என்று எனக்கு ஆத்திரம். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. 1886-ல் அமெரிக்கா போட்ட சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொடாமல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றிச் சுற்றக்கூடாது. உள்நாட்டுக் கப்பல்காரர்களின் பிழைப்புக்காகப் போட்டது. இன்றைக்கோ இந்தச் சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா மாதிரி வெளிநாட்டுக் கொடி கட்டியவை. அதனால் ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிகன் என்று அலாஸ்கா ஊரெல்லாம் பார்த்துவிட்டு, கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் நாலு மணி நேரம் நின்று சட்டத்துக்குக் கணக்குக் காட்டிவிட்டு வருகிறார்கள். கொரோனா சமயத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியதும் அலாஸ்கா கப்பலே ஓட முடியாமல் போனது. 2021 மே மாதம் அமெரிக்க காங்கிரஸ் தற்காலிகமாக விலக்கு கொடுத்த பிறகுதான் ஓடின. அந்த வருஷம் போயிருந்தால் நமக்கும் தப்பித்திருக்கும்!

சரி, வேலையைச் சொல்கிறேன். விண்ணப்பம் ஆன்லைனில். ஆளுக்கு நூறு கனடா டாலர், கைரேகைக்கு 85. கைரேகையைச் சென்னையிலேயே கொடுத்துவிடலாம். அமெரிக்கா போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதே, விசா வர எத்தனை வாரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மகள், மாப்பிள்ளைக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதா? வந்திருந்தால் அந்தக் கார்டும் இந்தியப் பாஸ்போர்ட்டும் போதும். இன்னும் எச்-1பி வேலை விசாதான் என்றால் அவர்களும் கனடா விசா வாங்க வேண்டும். பேத்தி அமெரிக்கப் பிரஜை, அவளுக்கு விசா பிரச்சினை இல்லை. ஆனால் ஆறு மாதம் நிறையாத குழந்தையைப் பல கப்பல்களில் ஏற்றமாட்டார்கள், நாளை எண்ணிப் பார்த்துக்கொள்.

மறு வருஷம் விசாவோடு போனோம். விக்டோரியாவில் இறங்கும்போது இருட்டிவிட்டது. கப்பல் அட்டையைக் காட்டிவிட்டு வெளியே வந்தால், அவ்வளவுதான். ஒருத்தராவது பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டுமே! நான் சட்டைப்பையில் தயாராக வைத்திருந்தேன். சட்டசபைக் கட்டடத்தின் விளிம்பெல்லாம் ஆயிரக்கணக்கான பல்பு, சித்திரைத் திருவிழாவுக்கு நம் கோபுரத்தில் போடுகிற மாதிரி. அதைத் தனியாகத்தான் பார்த்தேன். உன் தங்கச்சி முழங்கால் வலி என்று அறையிலேயே படுத்துவிட்டாள். கிட்டத்தட்ட இருநூறு டாலர் விசா அவளோடு சேர்ந்து தூங்கியது.

கனடாக்காரனைத் திட்டியும் பிரயோஜனமில்லை. கப்பலில் சென்னைக்கு வந்து ஒரு பகல் மட்டும் மாமல்லபுரம் பார்த்துப் போகிற வெள்ளைக்காரனும் இ-விசா வாங்கிக்கொண்டுதான் வருகிறான்.

ஸ்காக்வேயில் தங்கத்தைத் தேடிப் போனவர்கள் ஏறின மலைக்கு ரயில் விடுகிறார்கள், ஜன்னல் ஓரம் பிடித்துக்கொள். ஃப்ரேசர் வரை போகிற ரயில் என்றால் கனடா எல்லையைத் தாண்டும், பாஸ்போர்ட்டைக் கப்பலில் வைத்துவிட்டு இறங்கிவிடாதே. தங்கச்சி மீனாட்சிக்கு நல்ல ஸ்வெட்டர் வாங்கு, பனிப்பாறைப் பக்கம் மே மாதமும் நடுங்கும்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் போய்ப் பாஸ்போர்ட் எடுத்தோம், ஞாபகம் இருக்கிறதா? என்னுடையது வருகிற ஆவணியோடு முடிகிறது. பாஸ்போர்ட் முடிகிற தேதியைத் தாண்டிக் கனடா விசா கொடுக்கமாட்டார்கள். இன்றைக்கே பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
சுந்தரம்