துருவின் மேல் பட்டி பூசச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காரை வீட்டிலேயே புதுப்பிப்பது பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் வந்த பக்கத்தைப் படித்தேன். துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பின்பக்கம் ஃபைபர் துணி ஒட்டி, மேலே பட்டி என்ற பள்ளம் நிரப்பும் பசையைப் பூசிப் பெயின்ட் அடித்தால் போதும் என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த இதழிலேயே இதற்கு ஒரு திருத்தம் போடுங்கள். கதவு, மட்கார்டு என்றால் பெயின்ட் செலவோடு போகும். காரின் தரையிலும், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிலும் யாராவது இப்படிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. எங்கள் குடும்பம் அதைக் கண்ணால் பார்த்தது.

எங்களிடம் இருப்பது 1967ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு வண்டி. 1961 முதல் எழுபதுகளின் தொடக்கம் வரை சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரானது. அப்பா உப்பு வியாபாரி. காலையில் உப்பளத்துக்குப் போவார், பாத்தி வரப்பில் நடந்த ஈரக் காலோடு வண்டியில் ஏறுவார். தரை அழுக்காகாமல் இருக்க ரப்பர் மேட்டுக்கு அடியில் கோணிச் சாக்கு விரித்திருந்தார். தரைக்கு நல்லது என்று நினைத்துத்தான் விரித்தார். அந்தச் சாக்கு இருபத்தைந்து வருடமாக உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தகட்டின் மேல் கிடந்தது.

1994இல் மட்கார்டின் ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்ததும் வண்டியை வெளியூரில் ஒரு பட்டறைக்குக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்துப் பளபளவென்று வந்தது. அடிப்பாகம் முழுக்கக் கன்னங்கரேலென்று தார் பூசியிருந்தார்கள். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று வருடம் கழித்துத் திருச்செந்தூருக்குப் போகும்போது ஆத்தூர் தாண்டிப் பின்சக்கரம் பஞ்சரானது. அம்மா வண்டிக்குள் உட்கார்ந்திருக்க, தம்பி ஜாக்கி வைத்து ஏற்றினான். சக்கரத்தைக் கழற்றிக் கையை வெளியே எடுத்த நேரத்தில் 'மளுக்' என்றொரு சத்தம். ஜாக்கி தாங்கியிருந்த இடம் உள்வாங்கி வண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. தம்பியின் கைக்கும் பிரேக் டிரம்முக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி இருந்திருக்கும். உடைந்த இடத்தைப் பிறகு பார்த்தோம். தாருக்குள் பட்டி, பட்டிக்குள் பழைய சாக்குத் துணி, அதற்குள் செதில் செதிலாகத் துரு. இரும்பு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினோம். அப்பா 2003இல் இறக்கும்வரை அதை எடுக்கவே இல்லை.

நான் முப்பத்தொரு வருடம் வேதியியல் ஆசிரியையாக இருந்தவள். வகுப்பில் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும். உப்பு கலந்த தண்ணீரில் மின்னோட்டம் எளிதாகப் போகும் என்பதால் அங்கே துரு வேகமாகப் பிடிக்கும். அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு இறுக ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் துரு அப்படியல்ல. போன இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு வீங்கும், பொருக்குப் பொருக்காகப் பெயரும், அந்த இடுக்கில் மறுபடி ஈரம் ஏறும். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். துருவின் பள்ளத்துக்குள் உப்பு தங்கிவிட்டால் அங்கேயும் அதுதான் நடக்கும். நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவேண்டாம், கொண்டல் காற்றிலிருந்தே ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். இதற்கு மேல் பட்டியைப் பூசினால் பட்டியும் ஈரத்தை உறிஞ்சும். நீங்கள் வெளியே பெயின்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே தகடு கரைந்துகொண்டிருக்கும்.

ஓய்வு பெற்றபின் 2021இல் வண்டியைத் திறந்தேன். எங்கள் தெருமுனையில் டிங்கரிங் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவரைக் கூப்பிட்டேன். வந்ததும் அவர் கேட்டது ஒரு காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்ததைத் துணியில் சுற்றி வண்டி முழுக்க ஓட்டினார். நல்ல தகட்டில் சடக்கென்று ஒட்டியது, பட்டி இருந்த இடத்தில் வழுக்கி விழுந்தது. விழுந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டார். பிறகு சின்னச் சுத்தியலால் அடியில் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடம் 'டங்' என்றது. மற்ற இடம் அட்டைப் பெட்டியைத் தட்டியது போல ஒலித்தது. டிரைவர் சீட்டுக்குக் கீழே சுத்தியல் முனை உள்ளே போய்விட்டது. "பாத்தீங்களா டீச்சர், இதுக்கு மேல எத பூசுனாலும் உள்ள தின்னுகிட்டேதான் இருக்கும். வெட்டித்தான் ஆகணும்" என்றார். பழைய கார் வாங்கும் பிள்ளைகள் மெக்கானிக்கைக் கூட்டிப்போகும் முன்னால் ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹெரால்டில் ஒரு நல்ல விஷயம் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனி இந்தக் காரை முதலில் உருவாக்கிய காலத்தில் அதற்கு முழு பாடியை அடித்துத்தரும் ஆலை கைக்கு அகப்படவில்லை. அதனால் தனிச் சேஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுப் பூட்டினார்கள். கூரையைக்கூடக் கழற்றி எடுக்கலாம். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும், சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். வரைந்தவர் ஜியோவானி மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். வீட்டில் வைத்து இந்த வேலையை முடிக்க முடிந்ததற்கு அந்த அமைப்பே காரணம். பாடியும் சேஸும் ஒன்றாக இருக்கும் பத்மினி போன்ற வண்டிகளில் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றில் தரைத் தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியும்தான் வண்டியின் எலும்பு. கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியைத் தற்காலிகமாகப் பற்றவைத்துவிட்டுத்தான் வெட்டவேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து கதவு மூடவே மூடாது.

வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரியைக் கழற்றினோம். டிக்கிக்குள் இருக்கும் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தெருவுக்கே கொண்டுபோய் வைத்தோம். சீட், மேட், ஒயர் எல்லாம் வெளியே. இதை உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

துருவை எவ்வளவு தூரம் வெட்டுவது என்று கேட்டேன். "வெள்ளி மாதிரி மின்னுற வரைக்கும்" என்றார் அண்ணாச்சி. உள்ளங்கை அளவு என்று நினைத்த ஓட்டை மூன்று முழம் ஆனது. வெட்டிய இடத்துக்குத் தினசரி காலண்டரின் பின் அட்டையை வைத்து அச்சு எடுத்தார். அந்த அச்சுக்கு 20 கேஜ் தகட்டை வெட்டி, மணல் மூட்டையின் மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டித் தட்டி, தரையின் வரிப்பள்ளங்களைக் கொண்டுவந்தார். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். அதில் வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை கிளம்பும், மூச்சில் ஏறினால் அன்றிரவே காய்ச்சல் வரும். தகட்டை ஒரே ஓட்டமாகவும் பற்றவைக்கவில்லை. இங்கே ஒரு புள்ளி, ஒரு முழம் தள்ளி அங்கே ஒரு புள்ளி, நடுவில் ஈரத்துணி ஒற்றி ஆறவிடுவது. மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துபோகும் என்பதால் இந்தப் பொறுமை. டிரைவர் பக்கத் தரைக்கு மட்டும் நான்கு நாள் ஆனது. சேஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் இடதுபக்கக் கைகள் இரண்டையும் கனத்த தகட்டில் புதிதாகவே செய்தார்.

வெட்ட முடியாத மூட்டுகள் இருக்கும், இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்கள். அங்கே என் வேலை. முதலில் உப்பு போகவேண்டும், அது தங்கினால் எந்த மருந்தும் நிற்காது. ஒயர் பிரஷ் போட்டபின் வெந்நீரால் கழுவினேன். கடைசிக் கழுவலுக்கு எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலேயே உப்பு உண்டு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கினேன். வழிந்த தண்ணீரை ஒரு சோதனைக் குழாயில் பிடித்து, வெள்ளி நைட்ரேட் கரைசல் இரண்டு சொட்டு விட்டேன். குளோரைடு இருந்தால் பால் போல வெளுக்கும். முதல் நாள் மோர் மாதிரி இருந்தது. ஏழாவது கழுவலில்தான் தெளிந்தது. ஒவ்வொரு முறையும் உடனே துடைத்து ஹேர் டிரையர் பிடித்தேன். விட்டால் அரைமணி நேரத்தில் செம்மை பூத்துவிடும்.

அதற்குப்பிறகு கடுக்காய். நசுக்கிய கடுக்காயைக் கொதிக்கவைத்து வடித்த கஷாயத்தைப் பிரஷ்ஷால் மூட்டுகளில் தடவினேன். அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், மிச்சமிருக்கும் மெல்லிய துருவோடு சேர்ந்து கருநீலமாக மாறும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கலந்து எழுதுமை செய்ததும் இதே வினைதான். செங்காவி நிறம் கண்முன்னே கறுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்த என் பேத்தி, இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். கடையில் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துரு மாற்றிகள் கிடைக்கின்றன, அவையும் நல்லவைதான். எதுவானாலும் மெல்லிய துருவுக்கு மட்டும். ஓட்டைக்கு மருந்து கிடையாது, தகடுதான். காய்ந்தபின் பிரைமர், மூட்டின் இடுக்கை அடைக்க சீலர், அதன்மேல் பெயின்ட்.

கதவுக் கீல், சீட் ஓடும் தண்டவாளம் போன்ற சின்னச் சாமான்களை மின்னாற்பகுப்பில் போட்டேன். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், சலவை சோடா, பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமானை எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் தகட்டை நேர்முனையிலும் மாட்டவேண்டும். நேர்முனைக்கு எவர்சில்வர் கரண்டி, தட்டு எதையும் போடாதீர்கள், அதிலுள்ள குரோமியம் நச்சாகித் தண்ணீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பும் கூடாது, குளோரின் வரும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் திறந்த முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

பட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. சுத்தமான தகட்டில், பிரைமருக்கு மேல், சுத்தியல் விட்ட சிறு மேடுபள்ளத்தை நிரவுவதற்கு அது வேண்டும். நாங்களும் பூசினோம், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். தகடு இல்லாத இடத்தில் தகடு இருப்பதாக அதைக் காட்டுவதுதான் தவறு.

மொத்தம் இரண்டரை வருடம். தகடு, வெல்டிங் கேஸ், பெயின்ட், அண்ணாச்சியின் கூலி எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இதில் பெரும்பகுதி அவருடைய கூலி, அதில் ஒரு ரூபாய்கூட அதிகமில்லை. அவருக்கு அறுபத்தெட்டு வயது. கூட ஒரு பையன்கூட இல்லை. இப்போது எல்லாரும் பழைய பாகத்தைக் கழற்றிப் புதுசு மாட்டுகிறார்கள், தகட்டைத் தட்டி உருவம் எடுக்கக் கற்றுக்கொள்ள ஆள் வருவதில்லை என்று வருத்தப்பட்டார். உங்கள் அடுத்த ஞாயிறு பக்கத்தில் இப்படிப்பட்ட ஒருவரின் கை வேலையைப் படம் பிடித்துப் போடுங்கள். ஊருக்கு ஒருவராவது இன்னும் இருக்கிறார்கள்.

வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒன்று. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். மண்ணும் இலையும் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். மாதம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். மேட்டைத் தூக்கிப் பாருங்கள், கீழே சாக்கோ பழைய துணியோ இருந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள்.

போன தை மாதம் அம்மாவை அதே முன்சீட்டில் உட்காரவைத்துத் திருச்செந்தூர் போய்வந்தோம். எண்பத்தொன்பது வயது. ஆத்தூர் பாலம் வரும்போது காலைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை அந்தத் தகட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

திருத்தத்தை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
தூத்துக்குடி.